அரை நிமிடம் பிந்தி வரும் கோல்

காலையில் கண் விழித்ததும் முதலில் நினைவுக்கு வந்தது ஸ்கோர். மூன்றுக்கு இரண்டு. அடுத்து நினைவுக்கு வந்தது நான் சொன்ன வார்த்தை. ஸ்கோரையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அந்த வார்த்தையை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

பக்கத்தில் படுக்கை காலி. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். காலை ஷிப்ட் என்றால் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார். சமையலறையில் எனக்கான டீ பிளாஸ்கில் இருந்தது. அதைப் பார்த்ததும் சுள்ளென்று கோபம் வந்தது. முந்தின நாள் அப்படியொரு பேச்சைக் கேட்ட மனிதர் டீ போடாமல் போயிருந்தால் என்ன? நானும் பதிலுக்கு நாலு திட்டுத் திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். குடிக்கவும் முடியவில்லை, கொட்டவும் மனசு வரவில்லை. பிளாஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பூட்டிய கதவை இரண்டு தடவை திரும்ப வந்து இழுத்துப் பார்த்தேன். பஸ் நிறுத்தத்தில் நிற்க முடியாமல் மூன்று நிறுத்தம் நடந்தேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணி என்றால் எனக்கு உயிர். பச்சைச் சட்டைக்காரர்கள். பிளே ஆஃப் என்பது ஒரே எதிரியோடு ஏழு ஆட்டம் வரை இழுக்கிற சமாச்சாரம். முதலில் நாலு ஜெயிக்கிறவர் அடுத்த சுற்றுக்குப் போவார், மற்றவர் வீட்டுக்குப் போவார். இந்த வருஷம் முதல் சுற்றின் முதல் ஆட்டத்தை என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார், தோற்றோம். இரண்டாவது ஆட்டத்தன்று அவருக்கு டியூட்டி, ஜெயித்தோம். மூன்றாவதில் மறுபடி பக்கத்தில் உட்கார்ந்தார், மறுபடி தோற்றோம். நாலாவதில் ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது குப்பையைக் கொட்டிவிட்டு வருகிறேன் என்று கீழே போனார். அவர் படியேறி வருவதற்குள் நாம் இரண்டு கோல் போட்டாகிவிட்டது, ஜெயித்தோம்.

அதற்கு மேல் என்ன விசாரணை வேண்டும்? அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். ஆட்டம் நடக்கும்போது அவர் ஹாலுக்குள் வரக்கூடாது. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற மெஷின் இருக்கும் பொந்து மாதிரி ஓர் அறை உண்டு. முக்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவார். சிரித்துக்கொண்டேதான் போவார். "நாடு கடத்தியாச்சா? சரி, சரி," என்பார். பேப்பர் படிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகு அடுத்த இரண்டையும் ஜெயித்து முதல் சுற்றை முடித்தோம். இரண்டாவது சுற்றில் நாலுக்கு நாலு. மூன்றாவது சுற்றில்தான் இழுபறி, மூன்று ஜெயித்தோம், மூன்று தோற்றோம். தோற்ற மூன்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. ஒரு நாள் உள்ளேயிருந்து இருமினார். ஒரு நாள் மெஷினை ஓடவிட்டார். இன்னொரு நாள் என்ன செய்தார் என்று தெரியவில்லை, ஏதோ செய்திருக்கிறார்.

நேற்று ஏழாவது ஆட்டம். இரண்டுக்கு இரண்டு. கூடுதல் நேரத்தில் முதலில் கோல் போடுகிறவர் இறுதிச் சுற்றுக்குப் போவார். நான் நாற்காலி நுனியில் இருந்தேன். பன்னிரண்டாவது நிமிடம் கதவு திறந்தது. கையில் போனோடு அவர் நின்றார். "இந்த..." என்று ஆரம்பித்தார். நான் திரும்பி, "போங்க, போங்க!" என்று கத்தினேன். திரும்பின அந்த நொடியில் டிவியில் கூட்டம் அலறியது. மறுபடி பார்த்தபோது வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். கோல் காக்கும் எங்கள் கோலி முழங்காலில் அப்படியே உட்கார்ந்திருந்தான். அந்தக் கோலை நான் பார்க்கக்கூட இல்லை.

அப்போதுதான் சொன்னேன். "உங்க ராசி தெரிஞ்சுதானே உள்ள வராதீங்கன்னு சொன்னேன்? கடைய இழுத்து மூடினது பத்தலையா உங்களுக்கு?"

அவர் "சரி," என்றார். போய் டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

நான் பல் செட் செய்யும் ஒரு சின்னக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் வாயின் அச்சை அனுப்புவார்கள். அதில் மாவுக் கலவையை ஊற்றித் தாடையை வார்த்துத் தருவது மாவு அண்ணனின் வேலை. தலைமுடி, மீசை, செருப்பு எல்லாம் வெள்ளையாக இருப்பதால் அந்தப் பெயர். வார்த்த தாடையில் மெழுகு வைத்து ஒவ்வொரு பல்லாக நட்டு நிறுத்துவது நான். கை நடுங்காமல் செய்ய வேண்டிய வேலை. அன்றைக்குக் கை ஓரிடத்தில் நின்றால்தானே. ஒரு பல் வைப்பேன், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன். இன்னொரு பல், ஜன்னல் வரை ஒரு நடை.

மாவு அண்ணனுக்கு ஹாக்கியும் தெரியாது, அது தெரியாததில் வருத்தமும் கிடையாது. என் மேஜைக்கு வந்து செட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தப் பெரியவர் ஒரு பக்கமா மட்டும்தான் சிரிக்கணும்னு டாக்டர் எழுதியிருக்காரா?"

பார்த்தேன். இடது பக்கத்துக் கோரைப்பல்லையே இரண்டு பக்கமும் வைத்திருந்தேன். பத்தொன்பது வருஷத்தில் இப்படிச் செய்ததில்லை. மெழுகைச் சூடாக்கிப் பிடுங்கினேன்.

"தோத்தது அவங்க. பல்லு போறது இவருக்கா?" என்று மாவு அண்ணன் போய்விட்டார்.

பத்து மணிக்குத் தம்பி கூப்பிட்டான். வேறு ஊரில் இருந்தாலும் அவனும் பச்சைச் சட்டைக்காரன்தான். ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்வோம் என்று ஓடிப்போய்ப் படிக்கட்டில் நின்று எடுத்தேன். கோலியைத் திட்டினான், நடுவரைத் திட்டினான், பதினொன்றாம் நம்பர் எதற்குப் பின்பக்கமாகத் தட்டினான் என்று என்னிடம் நியாயம் கேட்டான். அப்புறம் சிரித்தான்.

"ஆனாலும் அக்கா, மாமாவ இப்படி வாரியிருக்க வேண்டாம் நீ."

"என்ன வாரினேன்?"

"குரூப்ல போட்டியே. அதுக்குக் கீழ மாமாவோட அண்ணன், பெரியவரும் போட்டிருக்காரு பாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

எனக்கு நினைவே இல்லை. நேற்றுக் கோபத்தில் குடும்பக் குழுவில் எதையோ தட்டிவிட்டுப் போனைத் தூக்கிப் போட்டது மட்டும் மங்கலாக ஞாபகம் வந்தது. திறந்து பார்த்தேன். 'பன்னிரண்டு ஆட்டமாக உள்ளே வராதவர் இன்று வந்தார். கோல் விழுந்தது. ராசிக்காரர் வாழ்க!' கீழே பதினேழு பேர் கண்ணில் நீர் வரச் சிரித்திருந்தார்கள். கடைசியில் என் வீட்டுக்காரரின் அண்ணன்: 'அவன் ராசி எனக்கு அப்பவே தெரியுமே.'

பார்த்தவர்கள் பட்டியலைத் தொட்டேன். என் வீட்டுக்காரர் பார்த்திருந்தார். காலை நாலு முப்பத்தைந்துக்கு. அதாவது டீ போடுவதற்கு முன்னால்.

அந்த அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் முன்பு படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். மூலைக் கடை, நல்ல கூட்டம். மூன்று மாதம் நன்றாகப் போனது. அப்புறம் குழாய் பதிக்கிறோம் என்று கடை வாசலில் ரோட்டைத் தோண்டினார்கள். பதினாலு மாதம் அந்தப் பள்ளம் அப்படியே கிடந்தது. குறுக்கே ஒரு பலகை. கண்ணாடி போட்ட பெரிய படத்தைத் தூக்கிக்கொண்டு ஆடுகிற பலகையில் யார் நடப்பார்கள்? கடையை மூடின வாரம் அவருடைய அண்ணன் எங்கள் ஹாலில் உட்கார்ந்து, "அவனுக்கு ராசியில்லம்மா, என்ன பண்றது," என்று உச்சுக் கொட்டினார். நான் எழுந்து நின்று கேட்டேன், "ரோட்டத் தோண்டினது இவர் ராசியா? உங்க வாசல்ல தோண்டியிருந்தா உங்க ராசியா?" மனிதர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வருஷம் வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று நானும் இருந்தேன்.

இப்போது அவர் வாயால் வந்த அதே வார்த்தை என் வாயால் வந்திருக்கிறது. அவருக்கு நானே கதவைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

அதற்குமேல் கூடத்தில் இருக்க முடியவில்லை. அரை நாள் லீவு சொன்னேன்.

"கோல் போட்டவனத் தேடிப் போறீங்களா?" என்றார் மாவு அண்ணன்.

"இல்ல. கோல் வாங்கினவரத் தேடி."

அவர் ஓட்டுவது நாற்பத்தாறாம் எண் பஸ். நிறுத்தத்தில் நின்று இரண்டு நாற்பத்தாறை விட்டேன், வேறு டிரைவர்கள். மூன்றாவதில் அவர் இருந்தார். ஏறினேன். என்னைப் பார்த்தார். மற்றவர்களுக்குச் செய்வதுபோலவே மரியாதையாகத் தலையை அசைத்தார். அதற்குப் பதில் அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம். அவருக்குப் பின்னால் இருக்கும் முதல் ஸீட்டில் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கப் போனபோது எதிரே பலகை: 'பஸ் ஓடும்போது ஓட்டுநருடன் பேசாதீர்கள்.' இந்த மனிதர் விதியை மீறாதவர். பேசினாலும் பதில் வராது. வாயை மூடிக்கொண்டு பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அடுத்த பக்கத்து ஸீட்டில் பச்சைச் சட்டை போட்ட ஓர் ஆள் இருந்தார். ஐம்பது வயதிருக்கும், துக்க வீட்டிலிருந்து வந்த முகம். சிவப்பு விளக்கில் பஸ் நின்றதும் அவர்தான் ஆரம்பித்தார்.

"இப்படி ஆயிடுச்சே டிரைவர் சார். காலையிலேருந்து மூணாவது ட்ரிப் வரேன் உங்களோட. வீட்ல உக்கார முடியல."

"நம்ம கோலி மேல தப்பில்லைங்க," என்றார் என் வீட்டுக்காரர். "ரெண்டாவது சுத்துல மூணாவது மேட்ச் ஞாபகம் இருக்கா? இடது முட்டியத் தரையில தேச்சுக்கிட்டே போய்த் தடுத்தானே. அப்பவே முட்டில ஏதோ ஆயிருக்கு. அதுக்கப்புறம் அவன் இடது பக்கமா எழுந்திரிக்கவே லேட்டாகுது."

விளக்கு மாறியது. இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். பஸ் கிளம்பியது. இடது முட்டி! அதை நான் கவனிக்கவில்லை. தம்பி கவனிக்கவில்லை. டிவியில் பேசுகிறவர்கள்கூடச் சொல்லவில்லை. பொந்துக்குள் பேப்பர் படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த சிவப்பு விளக்கு.

"எல்லா மேட்சும் பாத்தீங்களா சார்?"

"போன்ல. ஒரு காதுல மட்டும் வயரு. போன்ல அரை நிமிஷம் லேட்டாத்தான் வரும். ஆனா ஹால்ல வீட்டுக்காரி கத்துவா. அவ கத்தினா, சரி, இன்னும் அரை நிமிஷத்துல நம்ம கோல் வரப்போகுதுன்னு தயாராயிடுவேன். சத்தமே இல்லாம இருந்தா முக்காலிய விட்டு எழுந்து நின்னுடுவேன்."

கண்ணாடியில் அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் அதைச் சொன்னது பச்சைச் சட்டைக்காரரிடம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். பச்சைச் சட்டைக்காரர் மட்டும் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவரும் திரும்பி வருகிற ஆள்தான். என் வீட்டுக்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றார். பத்து நிமிடம் ஓய்வு. பின்னாலேயே போனேன். வருத்தம் சொல்லத்தான் போனேன். ஆனால் வாயைத் திறந்தபோது உள்ளே இருக்கிற பைத்தியம் முந்திக்கொண்டது.

"அப்போ நீங்க பாத்துக்கிட்டு இருந்தப்பத்தான் ஒன்பது மேட்ச் ஜெயிச்சிருக்கோம்! நேத்து ஏன் போனோட வந்தீங்க?"

"சார்ஜ் போயிடுச்சு. சார்ஜர் ஹால்ல இருந்துச்சு. அதக் கேக்கத்தான் வந்தேன்."

"பாத்தீங்களா! பாக்குறத நிறுத்தினீங்க, தோத்துட்டோம். நான்தான் எல்லாத்தையும் தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டு..."

"ஆக மொத்தம் நேத்து உள்ள வந்தது தப்பு, இன்னைக்கு சார்ஜ் போடாதது தப்பு," என்றார். "எப்படிப் பாத்தாலும் பழி எம்மேலதான்."

நான் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினேன்.

"நான் பாத்து மூணு தோத்தும் இருக்கோம். நான் பாத்தாலும் பாக்காட்டாலும் அவங்க அவங்க ஆட்டத்த ஆடுவாங்க. முக்காலியத் தூக்கிட்டுப் போனது எனக்கு ஒரு விளையாட்டு. ஹால்ல நீ, உள்ள நான், செவுத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரே மேட்ச். நல்லாத்தான் இருந்துச்சு."

"பேச்சுக்குத்தான் சொன்னேங்க. கோபத்துல..."

"தெரியும்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார். "கடைய மூடினப்ப ஊரே ராசி ராசின்னு சொல்லிச்சு. அண்ணனும் சொன்னாரு. அப்ப நீ இருந்தே. நேத்து நீ சொன்னே. எனக்காகப் பேச யாரு இருந்தா?"

பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தேன். மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.

"நீ குடிக்கலையா இத?"

"முடியல."

மீதியை என்னிடம் நீட்டினார். ஆறிப்போன டீ. குடித்தேன்.

"ஏறு, நேரமாச்சு."

பஸ் கிளம்பியது. புதிதாக ஏறின கூட்டத்துக்கு நடுவே அதே ஸீட்டில் உட்கார்ந்து போனை எடுத்தேன். நேற்றுப் போட்டதை அழித்துவிடலாமா என்று நினைத்தேன். பதினேழு பேர் சிரித்த பிறகு அழித்து என்ன பயன்? இரண்டு தடவை எழுதி அழித்து, மூன்றாவது தடவை எழுதியதை அனுப்பினேன். 'நேற்று நான் போட்டது பொய். கடையை மூட வைத்தது வாசலில் பதினாலு மாதம் கிடந்த பள்ளம். பள்ளத்துக்கு ராசி கிடையாது. இதை மறந்து பேசினவள் நான். சிரித்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரியுங்கள். பெரியவருக்கு: அன்றைக்கு உங்களுக்குச் சொன்னதுதான் இன்றைக்கும்.'

அவருடைய சட்டைப் பையில் போன் இரண்டு தடவை அதிர்ந்தது. அவர் தொடவில்லை, தொடமாட்டார். மறுபடி கடைசி நிறுத்தம் வர நாற்பது நிமிடம். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து என் சத்தத்தைக் கேட்டு ஆட்டத்தைத் தெரிந்துகொண்டவர், இப்போது என் முகத்திலிருந்து செய்தியைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்.

பிறகு ஒரு வளைவில் திரும்பினோம். அந்தத் தெரு வந்தது. நாற்பத்தாறாம் எண் பஸ் இந்த வழியாகப் போகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறது, ஓட்டுகிறவர் யார் என்று ஒருநாளும் சேர்த்து யோசித்ததில்லை. ரோடு இப்போது பளபளவென்று இருந்தது. மூலைக் கடையில் யாரோ செல்போன் உறை விற்கிறார்கள். அதற்கு நேர் எதிரே சிக்னல், சிவப்பு. பஸ் நின்றது. என் வீட்டுக்காரர் முகத்தை மறுபக்கம் திருப்பி, அங்கே ஒன்றுமில்லாத ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழகிப்போன திருப்பல் அது. தினமும் இதே இடத்தில் இப்படித்தான் திருப்பியிருக்கிறார்.

நாற்பது நிமிடம் அவரைக் காக்க வைக்க எனக்கு மனசில்லை. எழுந்து நின்றேன். ஹாக்கிக்குக் கத்துகிற அதே தொண்டைதான்.

"என்னங்க! கடை மூடினது உங்களால இல்ல! ரோட்டத் தோண்டினதால! நேத்து நான் சொன்னது பொய். பொய்னு தெரிஞ்சேதான் சொன்னேன். குரூப்லயும் போட்டுட்டேன், உங்க அண்ணனுக்கும் சேத்து."

பின்னால் ஒரு குழந்தை எதையோ கேட்டது, அம்மா அதன் வாயைப் பொத்தினாள். என் வீட்டுக்காரரின் தோள் இரண்டும் மெல்லக் கீழே இறங்கின. அவ்வளவு நேரம் அவை உயர்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

பச்சைச் சட்டைக்காரர் கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்தக் கடைங்க?" என்றார்.

விளக்கு இன்னும் சிவப்பில்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து அந்தப் பக்கம் நீட்டினார்.

"அதோ, அந்த மூலையில," என்றார். "என் கடை."